நெறிக்கட்டும் நெடுநாள் மாத்திரையும்

கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினால் நம் வீடுகளில் யாரும் உடனே பதறுவதில்லை. காலில் முள் குத்தியிருக்கும், பல்லில் சீழ் இருக்கும், தொண்டையில் புண் இருக்கும். அது ஆறினால் நெறியும் வற்றிவிடும் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அந்தக் கணிப்பு சரியாகவே இருக்கிறது. ஆனால் ஒரு சாராருக்கு அது பொருந்தாது. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலை அடக்கிவைக்கும் மாத்திரையையோ ஊசியையோ ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்பவர்கள் அவர்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், பெருங்குடல் அழற்சியாலும் லூபஸ் நோயாலும் அவதிப்படுபவர்கள் ஆகியோர் இதில் அடக்கம். இவர்களுக்கு வலியில்லாமல் வந்து வற்றாமல் நிற்கும் நெறி, லிம்ஃபோமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும்.

சில மருந்துகளுக்கும் லிம்ஃபோமாவுக்கும் தொடர்பு உண்டு என்பது வதந்தி அல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ இதழ்களில் பதிவாகிவரும் உண்மை அது. அந்த அபாயம் பெரும்பாலானோருக்குச் சிறியது என்பதும் அதே அளவு உண்மை. மருந்தின் அளவு, எடுத்துக்கொள்ளும் காலம், கூடவே சேரும் இன்னொரு மருந்து, உடலில் ஒளிந்திருக்கும் ஒரு வைரஸ் ஆகிய நான்கும்தான் அந்த அபாயத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. இந்த நான்கையும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். கேட்காமலேயே பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது ஒரு தவறு. எங்கோ படித்துப் பயந்து மருந்தை ஒரே நாளில் நிறுத்துவது இன்னொரு தவறு. இரண்டும் உயிரைப் பறித்திருக்கின்றன.

உறுப்பு மாற்று சொன்ன முதல் செய்தி

1950களில் அமெரிக்காவின் பரோஸ் வெல்கம் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் இரத்தப் புற்றுநோய்க்காக 6-மெர்காப்டோப்யூரின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது இன்றும் இடம்பெறுகிறது. அதன் வழிவந்த மருந்துதான் அசாதயோப்ரின். அந்நிய உறுப்பை உடல் நிராகரிக்காதபடி தடுக்கும் ஆற்றல் அதற்கு இருப்பது தெரியவந்ததும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையின் வரலாறே திரும்பியது. 1962-ல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே, இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை உறவில்லாத இன்னொருவருக்குப் பொருத்தி, அசாதயோப்ரினின் துணையோடு அதை நிலைக்கச் செய்தார். 1988-ல் ஹிட்சிங்ஸும் எலியனும், 1990-ல் மர்ரேயும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அந்தப் பரிசுகளுக்கு முழுத் தகுதி உடைய மருந்து அது. இலட்சக்கணக்கானோர் அதனால் உயிர் வாழ்கிறார்கள்.

ஆனால் 1960கள் முடிவதற்குள்ளேயே இன்னொரு செய்தி வரத் தொடங்கியது. டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சலின் உறுப்பு மாற்றுக் குழுவில் இருந்த இஸ்ரேல் பென், புதிய சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த நோயாளிகள் சிலருக்கு லிம்ஃபோமா வருவதைக் கவனித்தார். 1969-ல் அவரும் சக மருத்துவர்களும் அதை அறிக்கையாக வெளியிட்டார்கள். அதோடு நில்லாமல், உறுப்பு மாற்றுக்குப் பின் புற்றுநோய் வந்தவர்களின் விவரங்களைப் பல மருத்துவமனைகளிலிருந்தும் கேட்டு வாங்கி, ஒரு பதிவேட்டைப் பல ஆண்டுகள் பேணினார் பென். ஒரு மருத்துவமனையில் ஒன்றிரண்டாக வரும் நோயாளிகளை வைத்து யாராலும் முடிவு சொல்ல முடியாது. அவற்றை ஒரே இடத்தில் குவித்த பிறகுதான் தற்செயலா, தொடர்பா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் அசாதயோப்ரினையும், உறுப்பு மாற்றில் தரப்படும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரினையும் வைத்திருக்கிறது.

இந்தப் பட்டியல் ஒன்றைத்தான் சொல்கிறது: தொடர்பு உறுதியானது. எத்தனை பேருக்கு வரும் என்பதை அது சொல்வதில்லை. அந்தக் கணக்கைத் தனியே பார்க்க வேண்டும். அதற்கு முன், இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

உறங்கும் வைரஸ்

1964-ல் லண்டனில் ஆண்டனி எப்ஸ்டீன், இவான் அச்சோங், இவோன் பார் ஆகிய மூவரும், ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வரும் ஒருவகை லிம்ஃபோமாவின் செல்களில் ஒரு வைரஸைக் கண்டார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று பெயர் பெற்ற அது, வயது வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடலில் குடியிருக்கிறது. எச்சில் வழியே குழந்தைப் பருவத்திலேயே பெரும்பாலும் தொற்றிவிடும். சிலருக்குத் தொண்டை வலி, காய்ச்சல், நெறிக்கட்டு வரும். பலருக்கு வந்ததே தெரியாது.

வெள்ளணுக்களில் பி செல், டி செல் என்று இருவகை உண்டு. இந்த வைரஸ் பி செல்லுக்குள் புகுந்து, அதைப் பெருகத் தூண்டும். அப்படிப் பெருகும் செல்களை டி செல்கள் அடையாளம் கண்டு அழித்துக்கொண்டே இருக்கும். வாழ்நாள் முழுக்க நடக்கும் இந்தக் காவலால்தான் வைரஸ் உறங்கிக் கிடக்கிறது. உறுப்பு மாற்றுக்குப் பின் தரப்படும் மருந்துகள் அடக்குவது இதே டி செல்களைத்தான். புதிய சிறுநீரகத்தைத் தாக்காமல் இருக்க வேண்டும் என்று டி செல்லைக் கட்டிப்போட்டால், வைரஸ் புகுந்த பி செல்லையும் அது தாக்காது. பெருக்கம் தடையின்றித் தொடர்ந்து, ஒரு கட்டத்தில் புற்றாக மாறுகிறது.

உடலில் இந்த வைரஸ் இதுவரை புகாதவருக்கு அபாயம் இன்னும் அதிகம். அடக்கப்பட்ட நிலையில் இருக்கும்போது வைரஸ் முதல்முறையாக வந்தால், அதை எதிர்க்கக் கற்ற டி செல் ஒன்றுகூட அவரிடம் இருக்காது. உறுப்பு மாற்றுப் பெற்ற குழந்தைகளிடம் இவ்வகை லிம்ஃபோமா கூடுதலாகக் காணப்படுவதற்கு இது முக்கியக் காரணம். 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெலடாசெப்ட் என்ற சிறுநீரக மாற்று மருந்தை, இந்த வைரஸ் முன்பே தொற்றியதற்கான அடையாளம் இரத்தத்தில் இல்லாதவருக்குத் தரவே கூடாது என்று அதன் எச்சரிக்கையில் எழுதியிருக்கிறார்கள். ஓர் எளிய இரத்தப் பரிசோதனை அங்கே உயிர் காக்கும் முடிவைத் தீர்மானிக்கிறது.

எல்லா மருந்து சார்ந்த லிம்ஃபோமாவுக்கும் இந்த வைரஸே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அசாதயோப்ரின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். அதனால் வரும் பழுதுகள் வேறொரு பாதை. உறுப்பு மாற்றுக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் லிம்ஃபோமாக்களில் வைரஸ் இல்லாதவை கணிசமாக இருக்கின்றன.

அளவு கூடினால் அபாயம் கூடும்

மருந்துதான் காரணம் என்பதற்கு வலுவான சான்று, அளவோடு அபாயம் ஏறுவது. 1990-ல் அமெரிக்காவில் இதய மாற்று நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஓ.கே.டி.3 என்ற ஊசி, டி செல்களைக் கடுமையாக அடக்குவது. அதைப் பெற்ற 79 பேரில் 9 பேருக்கு லிம்ஃபோமா வகை நோய் வந்தது. பெறாத 75 பேரில் ஒருவருக்கு மட்டுமே வந்தது. மொத்தம் 75 மில்லிகிராமுக்கு மேல் ஊசி பெற்ற 14 பேரைத் தனியே எடுத்துப் பார்த்தால், அவர்களில் 5 பேருக்கு வந்திருந்தது. அந்த ஊசி இன்று பயன்பாட்டில் இல்லை.

இதன் மறுபக்கத்தை அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஸ்டார்சலின் குழு காட்டியிருந்தது. உறுப்பு மாற்றுக்குப் பின் லிம்ஃபோமா அல்லது அதையொத்த செல் பெருக்கம் வந்த 17 பேரைப் பற்றி 1984-ல் அவர்கள் எழுதினார்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ பார்த்தபோது கட்டிகள் பின்வாங்கின. பலருக்குப் பொருத்திய உறுப்பும் தப்பியது. புற்றுநோய் ஒன்று, மருந்தைக் குறைத்ததும் கரைவது வியப்பான செய்தி. உறுப்பு மாற்றுக்குப் பின் வரும் லிம்ஃபோமாவுக்கு, அடக்கும் மருந்தைக் குறைப்பது இன்றும் முதல் படியாக இருக்கிறது.

1993-ல் மெத்தோட்ரெக்ஸேட் மருந்திலும் இதே காட்சி பதிவானது. முடக்குவாதத்துக்கும், தோலையும் தசையையும் தாக்கும் டெர்மடோமயோசைடிஸ் நோய்க்கும் அதை எடுத்துவந்த நோயாளிகளுக்கு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ள லிம்ஃபோமா வந்தது. மருந்தை நிறுத்தியதும் அது மறைந்தது. அதன்பின் ஜப்பானிலிருந்து இத்தகைய பதிவுகள் நிறைய வந்தன. எல்லோருக்கும் இப்படிக் கரைவதில்லை. பலருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை தேவைப்படுகிறது. ஆனாலும் சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தை நிறுத்துவதே பாதி மருத்துவமாக அமையும் வாய்ப்பு இருக்கிறது. நெறியைக் கவனிக்கச் சொல்வதன் பொருளே இதுதான்.

ஒரு லட்சம் பேரில் எத்தனை பேர்?

பயத்துக்கும் அலட்சியத்துக்கும் நடுவே நிற்க எண்கள்தான் உதவும். குடல் அழற்சி நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களைப் பற்றி பிரான்சில் நடந்த இரண்டு ஆய்வுகள் இதற்கு நல்ல அடித்தளம்.

முதல் ஆய்வு 2009-ல் வெளியானது. 19,486 நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். அசாதயோப்ரின் குடும்ப மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவர்களில், ஒரு லட்சம் பேருக்கு ஓராண்டில் 90 பேர் என்ற கணக்கில் லிம்ஃபோமா வகை நோய் வந்தது. ஒருபோதும் எடுக்காதவர்களில் 26. முன்பு எடுத்து நிறுத்திவிட்டவர்களில் 20. இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். எடுக்கும் காலத்தில் கூடிய அபாயம், நிறுத்திய பிறகு எடுக்காதவர்களின் அளவுக்கே இறங்கிவிட்டது. மருந்தை ஒருமுறை தொட்டுவிட்டோமே என்று வாழ்நாள் முழுக்க நடுங்க வேண்டியதில்லை.

இரண்டாவது ஆய்வு 2017-ல் வந்தது. நாட்டின் மருத்துவக் காப்பீட்டுத் தரவுகளிலிருந்து 1,89,289 நோயாளிகளை எடுத்துக்கொண்ட பெரிய ஆய்வு. அதிலும் ஒரு லட்சம் பேருக்கு ஓராண்டுக் கணக்கு இப்படி அமைந்தது: இந்த மருந்துகள் எதுவும் எடுக்காதவர்களில் 26, அசாதயோப்ரின் குடும்ப மருந்து மட்டும் எடுத்தவர்களில் 54, இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற டி.என்.எஃப். தடுப்பு ஊசி (அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுப்பது) மட்டும் பெற்றவர்களில் 41, இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 95. வயது முதலிய வேறுபாடுகளைச் சரிக்கட்டிப் பார்த்தபோது, தனித்தனி மருந்துகளில் இரண்டரை மடங்கை ஒட்டி இருந்த அபாயம், கூட்டு மருந்தில் ஆறு மடங்காக நின்றது.

ஆறு மடங்கு என்று தலைப்பிட்டால் யாருக்கும் குலை நடுங்கும். ஒரு லட்சத்தில் 95 என்று சொன்னால், மீதி 99,905 பேருக்கு அந்த ஆண்டில் லிம்ஃபோமா வரவில்லை என்பதும் கூடவே தெரியும். இரண்டும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. மருத்துவரிடம் கேட்கும்போது எத்தனை மடங்கு என்று மட்டும் கேட்காமல், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்றும் கேட்க வேண்டும். கூடவே என் வயதில் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். அடிப்படை அபாயம் வயதோடு ஏறுவதால், அதே மருந்து அறுபது வயதுக்காரருக்குச் சேர்க்கும் சுமை முப்பது வயதுக்காரருக்குச் சேர்ப்பதைவிட அதிகம்.

இளைஞர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. கல்லீரலையும் மண்ணீரலையும் தாக்கும் டி செல் லிம்ஃபோமா ஒன்று இருக்கிறது. மிக அரிது, ஆனால் சிகிச்சைக்கு எளிதில் அடங்காதது, பெரும்பாலும் உயிரைக் குடிப்பது. அசாதயோப்ரின் குடும்ப மருந்தைத் தனியாகவோ டி.என்.எஃப். தடுப்பு ஊசியோடு சேர்த்தோ எடுத்த, குடல் அழற்சி உள்ள பதின்வயதினரிடமும் இளம் ஆண்களிடமும் இது அதிகம் பதிவானது. அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2011-ல் இதைப் பற்றித் தனி அறிவிப்பே வெளியிட்டது. மகனுக்கு இந்த இரண்டு மருந்துகளையும் சேர்த்து எழுதினால், சேர்த்தே எழுத வேண்டியது கட்டாயமா, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

மருந்தா, நோயா?

மருந்து எடுத்தவருக்கு லிம்ஃபோமா வந்தது என்பதால் மருந்துதான் காரணம் என்று ஆகிவிடாது. முடக்குவாதமே லிம்ஃபோமா அபாயத்தைக் கூட்டுகிறது. உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயும் அப்படியே. ஆண்டுக்கணக்கில் அழற்சி ஓயாமல் எரியும் உடலில் பி செல்கள் இடைவிடாமல் தூண்டப்படுகின்றன.

2006-ல் சுவீடனில் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஏறத்தாழ 75,000 முடக்குவாத நோயாளிகளிலிருந்து லிம்ஃபோமா வந்த 378 பேரையும், வராத 378 பேரையும் எடுத்து, அவர்களுடைய மருத்துவக் குறிப்புகளை ஒப்பிட்டார்கள். நோயின் சீற்றம் மிகக் குறைவாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால், ஆண்டுக்கணக்கில் மிகக் கடுமையாக இருந்தவர்களுக்கு லிம்ஃபோமா வாய்ப்பு எழுபது மடங்குக்கு மேல் இருந்தது. மெத்தோட்ரெக்ஸேட் உள்ளிட்ட பெரும்பாலான முடக்குவாத மருந்துகள் அந்த அபாயத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. அசாதயோப்ரின் எடுத்த சிறு குழுவில் மட்டும் கூடுதல் தெரிந்தது.

இதன் பொருள் கூர்மையானது. புற்றுநோய்க்குப் பயந்து முடக்குவாத மருந்தை நிறுத்துபவர், மூட்டுகளை மட்டும் இழப்பதில்லை. அழற்சியைக் கட்டவிழ்த்துவிட்டு, எதற்குப் பயந்தாரோ அந்த லிம்ஃபோமாவையே அருகில் அழைக்கிறார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கண்டுபிடிக்கப்படாத லிம்ஃபோமா முதலில் அரிப்பாகவும் காய்ச்சலாகவும் மூட்டு வலியாகவும் தோன்றலாம். அதற்கு மருந்து தருவார்கள். சில மாதம் கழித்து லிம்ஃபோமா தெரியவரும்போது, மருந்தால் வந்தது போலத் தோன்றும். வயது வந்த பிறகு புதிதாகத் தொடங்கி, எந்தக் களிம்புக்கும் அடங்காத தோல் அரிப்பு சிலருக்கு எக்ஸிமா அல்ல, தோலில் தொடங்கும் டி செல் லிம்ஃபோமா. பலமான ஊசி தொடங்கும் முன் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது அங்கே அவசியம்.

எந்த மருந்துக்கு எவ்வளவு கவலை

டோஃபாசிடினிப் என்ற மாத்திரை முடக்குவாதத்துக்காக வந்தது. நம் நாட்டில் பல நிறுவனங்கள் அதைத் தயாரிப்பதால் எளிதில் கிடைக்கிறது. வட்டவட்டமாக முடி கொட்டுவதற்கும் வெண்புள்ளிக்கும்கூட எழுதப்படுகிறது. இதய நோய் அபாயம் உள்ள, 50 வயதுக்கு மேற்பட்ட 4,362 முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2022-ல் வெளியானது. டி.என்.எஃப். தடுப்பு ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 2.9 பேருக்குப் புற்றுநோய் வந்தது. டோஃபாசிடினிப் எடுத்தவர்களில் 4.2 பேருக்கு வந்தது. நுரையீரல் புற்றும் லிம்ஃபோமாவும் கூடுதலாக இருந்ததை எஃப்.டி.ஏ. குறிப்பிட்டு, மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டத்துக்குள் இடப்படும் கடும் எச்சரிக்கையை 2021-லேயே விரிவாக்கியது. 65 வயதைக் கடந்தவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் வேறு வழி இல்லாதபோதுதான் தர வேண்டும் என்பது ஐரோப்பிய நிர்வாகத்தின் நிலை. அந்தப் பரிசோதனையில் இருந்தவர்கள் மூத்தவர்கள் என்பதால் அதே எண்ணை இருபது வயதுக்காரர்மீது அப்படியே சுமத்த முடியாது. ஆனால் முடிக்காக எடுக்கும் மாத்திரை என்பதால் அது முடித்தைலம் போல ஆகிவிடாது. முறையான பரிசோதனையும் பின்தொடர்தலும் இல்லாமல் அதை எடுக்கவே கூடாது.

டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளுக்கு, குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் லிம்ஃபோமா வரக்கூடும் என்ற கறுப்புக் கட்ட எச்சரிக்கையை 2009-ல் எஃப்.டி.ஏ. சேர்த்தது. அதற்கு அடிப்படையான 48 புற்றுநோய்ப் பதிவுகளில் ஏறத்தாழ பாதி லிம்ஃபோமா. அவர்களில் பெரும்பாலோர் வேறு அடக்கும் மருந்துகளையும் சேர்த்தே எடுத்திருந்தார்கள். முடக்குவாதம் உள்ள பெரியவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த பிரிட்டிஷ் பதிவேட்டில், இந்த ஊசிகளால் லிம்ஃபோமா கூடியதாகத் தெரியவில்லை. அங்கேயும் கூட்டு மருந்தும் வயதும் நோயுமே கணக்கை மாற்றுகின்றன.

டாக்ரோலிமஸ் களிம்பு வேறு கதை. மாத்திரையாக எடுக்கும்போது அபாயம் உள்ள அதே மருந்து, களிம்பாகப் பூசினால் இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்கிறது. விலங்குச் சோதனைகளையும் தனித்தனிப் பதிவுகளையும் வைத்து 2006-ல் எஃப்.டி.ஏ. அதற்கும் கறுப்புக் கட்டம் போட்டது. பிறகு அந்தக் களிம்பைப் பயன்படுத்திய ஏறத்தாழ 8,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, புற்றுநோய் பொதுமக்களின் அளவைத் தாண்டவில்லை என்று காட்டியது. குழந்தையின் கரப்பானுக்கு எழுதித் தந்த களிம்பை எச்சரிக்கைச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தூக்கியெறிந்த பெற்றோருக்கு இது ஆறுதலான செய்தி.

வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் இன்னொரு திருப்பம். அதை எடுத்த சிலருக்கு நெறி கட்டி, நுண்ணோக்கியில்கூட லிம்ஃபோமா போலவே தெரிவதை 1959-ல் சால்ட்ஸ்டைனும் அக்கர்மனும் பதிவு செய்தார்கள். மருந்தை மாற்றினால் அது வற்றிவிடும். திசுவைப் பார்க்கும் நோயியல் நிபுணருக்கு நோயாளி எடுக்கும் மருந்தின் பெயர் தெரியாவிட்டால், இல்லாத புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கும் ஆபத்து இருக்கிறது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வந்து உயிர் போகலாம் என்பதால், இந்த மாற்றத்தையும் மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

நம் ஊரின் இரண்டு பள்ளங்கள்

முதல் பள்ளம் ஸ்டீராய்டு. ப்ரெட்னிசோலோனும் டெக்ஸாமெத்தசோனும் லிம்ஃபோமா செல்களைக் கொல்லும். சிகிச்சையில் அவையும் ஒரு பகுதி. அதனாலேயே, நோய் இன்னதென்று தெரியும் முன் அவற்றைச் சாப்பிட்டால் நெறி சுருங்கிவிடும், காய்ச்சல் விட்டுவிடும், குணமாகிவிட்டது போலத் தோன்றும். நிறுத்தியதும் நோய் மீண்டும் வளரும். இடையில் திசு எடுத்துப் பார்த்தால் எதுவும் தெளிவாகத் தெரியாது. மூளையில் வரும் லிம்ஃபோமாவில் இந்த மறைப்பு மிகவும் மோசம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைக் கலவையிலும், பெயர் ஒட்டாத மூட்டுவலிப் பொடியிலும் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். அத்தகைய பொடிகளில் அது கலந்திருப்பது ஆய்வகச் சோதனைகளில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது.

இரண்டாவது பள்ளம் காசநோய் என்ற அனுமானம். நம் நாட்டில் கழுத்து நெறிக்குக் காசநோய் மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று. ஆகவே திசுப் பரிசோதனை இல்லாமலேயே ஆறு மாத மருந்து தொடங்குவதும் நடக்கிறது. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவருக்குக் காசநோயும் வரலாம், லிம்ஃபோமாவும் வரலாம். இரண்டிலும் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு உண்டு. பிரித்தறியத் திசுதான் ஒரே வழி. ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சோதனை லிம்ஃபோமாவை முழுதாக வகைப்படுத்தப் பெரும்பாலும் போதாது. முடிந்தால் நெறியை முழுதாக வெட்டியெடுத்துப் பரிசோதிக்க வேண்டும். காசநோய் மருந்து தொடங்கிய பிறகும் நெறி வளர்ந்தால், மருந்தை மாற்றும் முன் நோயைத்தான் மறுபடி கேள்வி கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

மருந்து தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில. இந்த மருந்து நோயெதிர்ப்பை அடக்குமா? எவ்வளவு காலத்துக்கு? எப்போது குறைப்பது அல்லது நிறுத்துவது பற்றி மறுபரிசீலனை செய்வோம்? இன்னொரு அடக்கும் மருந்தோடு சேர்த்து எடுக்க வேண்டுமா? எப்ஸ்டீன்-பார் வைரஸ் பரிசோதனை தேவையா? கடைசிக் கேள்வி இளம் வயதினருக்கு முக்கியம். அந்த வைரஸ் தொற்றாத இளைஞர்களுக்கு அசாதயோப்ரினைத் தவிர்ப்பதை ஐரோப்பியக் குடல்நோய் வழிகாட்டுதல்கள் பரிசீலிக்கச் சொல்கின்றன.

குடும்பத்தில் முன்பு யாருக்காவது லிம்ஃபோமா வந்திருந்தாலோ, தனக்கே முன்பு புற்றுநோய் வந்திருந்தாலோ அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தோல் மருத்துவர் ஒன்றும் குடல் மருத்துவர் இன்னொன்றும் எழுதும்போது, இருவருக்கும் முழுப் பட்டியல் தெரிந்திருக்க வேண்டும். தனித்தனியே சரியான இரு சீட்டுகள் ஒன்றுசேர்ந்து ஆபத்தான கூட்டாகலாம். எல்லா மருந்துகளின் பெயரும், தொடங்கிய தேதியும், அளவும் எழுதிய ஒரு தாள் எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

மருந்து எடுக்கும் காலத்தில் மாதம் ஒருமுறை குளிக்கும்போது கழுத்து, அக்குள், தொடையிடுக்கு மூன்றையும் விரலால் தடவிப் பார்ப்பது போதும். நான்கு வாரத்துக்கு மேல் வற்றாத, வலியில்லாத, ரப்பர் போன்ற நெறி, காரணமில்லாமல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டி வந்துபோகும் காய்ச்சல், உடையை மாற்ற வேண்டிய அளவுக்கு இரவு வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு ஆகிய எதுவும் தள்ளிப்போடக் கூடியதல்ல. உறுப்பு மாற்றுப் பெற்றவர்கள் முதல் ஓராண்டில் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும். வயிற்று வலி, காரணம் தெரியாத வயிற்றுப்போக்கு, தலைவலியோடு வரும் குழப்பம் ஆகியவையும் அவர்களுக்கு அறிகுறிகளே. போகும்போது எடுக்கும் மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டே அறிகுறியைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பொறுப்பு நோயாளியின் தலையில் மட்டும் விழக் கூடாது. மருத்துவர் சீட்டு எழுதும் அன்றே முடிவுத் தேதியையோ மறுபரிசீலனைத் தேதியையோ எழுத வேண்டும். அசாதயோப்ரின், மெத்தோட்ரெக்ஸேட், டோஃபாசிடினிப் போன்றவற்றை இரண்டு வருடப் பழைய சீட்டுக்குத் தருவதை மருந்துக்கடைகள் நிறுத்த வேண்டும். விலை குறைவு என்பதால் அசாதயோப்ரினை நம் நாட்டில் குடல் நோய் முதல் பார்த்தீனியச் செடி ஒவ்வாமைவரை பலவற்றுக்கும் எழுதுகிறார்கள். ஏழைக்கு எட்டும் நல்ல மருந்து அது. எட்டுகிறது என்பதற்காகவே கண்காணிப்பு இல்லாமல் போய்விடக் கூடாது.

இந்த மருந்துகளால் கண் தெரிகிறவர்கள், நடமாடுகிறவர்கள், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து விடுபட்டவர்கள் ஏராளம். அவர்கள் மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. இன்று அத்தகைய மாத்திரை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அதை எழுதித் தந்த மருத்துவரைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் மாத்திரையைத் தொடருங்கள், ஆனால் இந்த வாரமே போய்ப் பாருங்கள்.